அடுத்த கேள்வி

"அவசரமில்ல சார். தண்ணி குடிச்சிட்டுச் சொல்லுங்க."

ஒருங்கிணைப்பாளர் கண்ணாடி டம்ளரை மேசை மேல் மெல்ல நகர்த்தினாள். உயிருக்குப் பயந்து வேறு நாட்டிலிருந்து அடைக்கலம் தேடி வருகிறவர்களுக்கு, காசு வாங்காமல் வாதாட வக்கீல் பிடித்துக் கொடுக்கும் தொண்டு நிறுவனம் அது. பிடிப்பது அவள் வேலை, நழுவுவது வக்கீல்களின் வேலை.

எதிரே இருந்த வக்கீல் டம்ளரைத் தொடவில்லை. ஓய்வு பெற்ற பிறகு அவரை யாரும் இப்படி வருந்தி அழைத்ததில்லை. அந்தச் சந்தோஷம் வெளியே தெரிந்துவிடக் கூடாதே என்று முகத்தை உம்மென்று வைத்திருந்தார்.

"நான் யாருன்னு தெரிஞ்சுதான் கூப்பிட்டீங்களாம்மா? சர்வீஸ் பூரா நான் அரசாங்க வக்கீல். இவங்க மனுவை எல்லாம் தள்ளுபடி பண்ணுங்கன்னு வாதாடினவன். பாலுக்குப் பூனையைக் காவல் வைக்கிறீங்களே!"

"பால் எந்த வழியாப் போகும்னு பூனைக்குத்தானே சார் தெரியும்?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதுவரை அவரை மடக்கியது அவர் மனைவி ஒருத்திதான். "பேப்பர் போடறவனையும் குழாய் ரிப்பேர்காரனையும் குறுக்கு விசாரணை பண்ணது போதும். போய் உருப்படியா ஏதாவது பண்ணுங்க" என்று இன்று காலையில் அவரை வெளியே தள்ளியதும் அந்த அம்மாள்தான்.

"சரி, கேஸ் என்ன?"

"பஸ் டிரைவர். மனைவி, கைக்குழந்தை. திங்கட்கிழமை விசாரணை. ஒத்துக்கிட்டிருந்த வக்கீல் திடீர்னு ஆஸ்பத்திரியில படுத்துட்டாரு. ஆள் இல்லாமப் போனா குடும்பத்தோட திருப்பி அனுப்பிடுவாங்க சார். அங்க போய் இறங்கின அன்னிக்கே அவரைத் தூக்கிடுவாங்க."

வக்கீல் வாக்குமூலத்தை வேண்டா வெறுப்பாகத்தான் கையில் எடுத்தார். புரட்டப் புரட்ட பழைய மோப்பம் வந்துவிட்டது. ஓரிடத்தில் விரல் நின்றது.

"மாட்டுவாரு. இங்கதான் மாட்டுவாரு. முதல்ல, தன்னை மிரட்ட வீட்டுக்கு மூணு பேர் வந்தாங்கன்னு சொல்லியிருக்காரு. அப்புறம் கேட்டப்ப ரெண்டு பேர்ங்கறாரு. நானா இருந்தா இந்த ஒரு நூலைப் பிடிச்சு இழுத்தே மொத்தத்தையும் பிரிச்சிருப்பேன். அவரை வரச் சொல்லுங்க."

டிரைவர் வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அவர் திறந்த கதவு வழியாகக் குழந்தையின் அழுகையும் உள்ளே வந்தது.

வக்கீலின் கை தானாகவே கூஜாவை எடுத்து இன்னொரு டம்ளரில் தண்ணீர் ஊற்றியது. "அவசரமில்ல, குடிச்சிட்டுச் சொல்லுங்க" என்றார் கனிவாக. அது நீதிமன்றப் பழக்கம். தொண்டை நனைந்தால் பயம் தெளியும். பயம் தெளிந்த ஆள் வாய் தவறிப் பேசுவான். அந்தத் தண்ணீரை வைத்தே அவர் ஜெயித்த வழக்குகள் அநேகம்.

அதை மொழிபெயர்க்க வேண்டிய ஒருங்கிணைப்பாளர் முதலில் அந்த டம்ளரைப் பார்த்தாள். பிறகு டிரைவரின் மொழியில் சொன்னாள்.

"உங்க வீட்டுக்கு வந்தது எத்தனை பேர்?" என்று வக்கீல் ஆரம்பித்தார்.

"ரெண்டு பேர்ங்கறாரு சார்."

வழக்கமாக அவர் இந்த இடத்தில் "அவ்வளவுதான்" என்று நீதிபதியைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார். இன்று தலையாட்ட நீதிபதி இல்லை. வேறு வழியில்லாமல் அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"அப்போ மூணு பேர்னு ஏன் சொன்னீங்க?"

டிரைவர் வாசலைக் காட்டிப் படபடவென்று பேசினார்.

"உள்ள வந்தது ரெண்டு பேராம். இன்னொருத்தன் வாசல்லயே இருட்டுல நின்னிருக்கான். குரல் மட்டும்தான் கேட்டுச்சாம். ரெண்டாவது தடவை, 'நீ கண்ணால பார்த்தது எத்தனை பேர்'னு கேட்டிருக்காங்க. அதான் ரெண்டுன்னு சொன்னாராம்."

"அட, இவ்வளவுதானா!" வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அடுத்த ஒரு கேள்வி. அதைக் கேட்டாலே ஜெயிச்சுடலாமேம்மா! திங்கட்கிழமை நான் வர்றேன்னு சொல்லுங்க."

டிரைவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ஒருவழியாக அவர் வெளியே போனதும் வக்கீலும் எழுந்தார். மனசு லேசாக இருந்தது. அவருக்கே அது ஆச்சரியம்தான். கதவுப் பிடியில் கை வைத்தவர், திரும்பினார்.

"ஊர்ல இத்தனை வக்கீல் இருக்க, என்னையே ஏன் விடாப்பிடியாப் பிடிச்சீங்க? போன்ல, என் வாதத்தை நேர்ல கேட்டிருக்கேன்னு சொன்னீங்களே, எந்தக் கேஸ்?"

"அது எதுக்கு சார் இப்போ?"

"அட, சும்மா சொல்லுங்கம்மா." புகழ்ச்சி யாருக்குத்தான் கசக்கும்?

அவள் டம்ளர்களை ஒன்றாகச் சேர்த்து வைத்தாள்.

"ஒரு தையல்காரர் கேஸ். அவருக்கு வக்கீல் கிடைக்கல. காலையில வந்தாங்கன்னு முதல்ல சொல்லியிருந்தாரு. நீங்க தண்ணி ஊத்திக் குடுத்து, அவசரமில்ல, குடிச்சிட்டுச் சொல்லுங்கன்னு சொன்னீங்க. சாயங்காலம் வந்தாங்கன்னாரு. நீங்க உட்கார்ந்துட்டீங்க."

எத்தனையோ பேருக்கு அவர் தண்ணீர் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். தையல்காரரின் முகம் நினைவுக்கு வரவில்லை.

"காலையில வந்து கடையை எரிச்சாங்க சார். சாயங்காலம் மறுபடியும் வீட்டுக்கு வந்தாங்க. அதைக் கேட்டு வாங்க அவர் பக்கம் ஆள் இல்ல. அவரை மட்டும் அனுப்பிட்டாங்க. போய் இறங்கிட்டேன்னு ஒரு போன் வந்துச்சு. அதோட சரி."

"இருங்க." வக்கீலின் கை கதவுப் பிடியை விட்டது. "ரெண்டு தடவை வந்த விஷயம் கோர்ட்டுல வரவே இல்லைங்கறீங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவங்க வந்தப்போ கட்டிலுக்கு அடியில, நான் அழுதுடக் கூடாதுன்னு என் வாயைப் பொத்திப் பிடிச்சிருந்தாரு சார், எங்கப்பா."