ஒரே இழுப்பில் கிளம்பும் ரம்பம்

மரம் வெட்டும் சூசையிடம் ஒரு மெஷின் ரம்பம் இருந்தது. ஒன்பது வருஷமாக ஒரே இழுப்பில் கிளம்பும். அதனால், தன்னைத் தாங்கும் வடத்தைத் தினமும் காலையில் சாண் சாணாகத் தடவிப் பார்ப்பவன், ரம்பத்தை மட்டும் ஒரு தட்டுத் தட்டி இடுப்பில் மாட்டிக்கொள்வான். அந்த ஒரு தட்டு ரம்பத்துக்கு மாலை மரியாதை மாதிரி.

அன்றைக்குத் தூங்குமூஞ்சி மரத்தின் உச்சிக்குப் போன பிறகு, ரம்பம் மெல்ல வடத்திடம் சொன்னது.

"அஞ்சு நாளா என் பிரேக் பிடிக்கல. கிளையில பட்டுத் துள்ளுனா செயின் நிக்காது, சுத்திக்கிட்டேதான் இருக்கும்."

"அடப்பாவி! முதல்ல நான் அறுந்துடுவேன், அப்புறம் அவன் விழுவான். கீழயே மக்கர் பண்ணியிருக்கலாமே?"

"இத்தனை வருஷப் பேரு போயிடுமேன்னுதான்..."

சூசை இழுத்தான். ரம்பம் மூச்சை அடக்கிக்கொண்டது. எட்டுத் தடவை இழுத்தும் கிளம்பவில்லை.

வியர்த்து வழிய இறங்கி வந்தவன் அதைப் புல்லில் வீசினான்.

"ஒன்பது வருஷமா உன்னைப் போய் நம்புனேன் பாரு!"

ரம்பம் தரையில் ஊன்றி நின்ற அவனுடைய இரண்டு கால்களையும் பார்த்தபடி கிடந்தது.