டோக்கன் கவிதை

“என் பேரு காயத்ரி. இந்தக் கவிதைய எழுதுனது நான்தான்.”

மைக்கில் இதைக் கேட்டதும் ஏஞ்சலுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

எழுதியது ஏஞ்சல். பொன்னேரியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் மூன்று வாரமாக அடித்தடித்துத் திருத்தி எழுதியது.

கும்மிடிப்பூண்டியில் அந்த ஞாயிற்றுக்கிழமை கலை விழா. பறை, தெரு நாடகம், கவிதை, எல்லாம் இலவசம். யார் வேண்டுமானாலும் மேடையேறலாம். சொந்தச் சரக்காக இருக்க வேண்டும், பெயரைச் சொல்லிவிட்டு வாசிக்க வேண்டும், அவ்வளவுதான்.

“அடுத்து யாரு வர்றீங்க?” என்று மேடையில் கேட்டார்கள். ஏஞ்சல் எழுந்தாள். அவளுக்கு அதுதான் முதல் மேடை.

“குடு, ஒரு தபா பாத்துட்டுத் தர்றேன்” என்று பக்கத்திலிருந்த காயத்ரி தாளை வாங்கினாள். ஒரே கம்பெனி, ஒரே லைன். நம்பிக் கொடுத்தாள் ஏஞ்சல். வாங்கிப் படித்தவள் விறுவிறுவென்று மேடைக்கே போய்விட்டாள்.

“நாப்பது பொம்பளைங்களுக்கு
பாத்ரூம் போக ஒரே டோக்கன்.
போனவ வர்ற வரைக்கும்
நாங்களும் மெஷினு.
மெஷினுக்காவது
எண்ணெ போட நிறுத்துறாங்க.”

கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது. முன்வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். காயத்ரிக்குத் துண்டு போர்த்தினார்கள்.

ஏஞ்சலுக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே?

“அவ பர்மனென்ட்டுன்னா, கான்ட்ராக்ட்டு நீ எழுதுனதையும் எடுத்துக்குவாளா?” என்று தூபம் போட்டாள் தோழி சோனியா. “போயி மைக்கப் புடுங்கி உண்மையச் சொல்லுடி!”

ஏஞ்சல் மேடைப் படியில் கால் வைத்தாள். இறங்கி வந்த காயத்ரி அவள் கையைப் பிடித்துத் தரதரவென்று பந்தலுக்கு வெளியே இழுத்துப் போனாள்.

“அது என் கவிதைக்கா!”

“இல்ல. என்னுது.”

“இன்னாக்கா, இப்டிக் கூசாம சொல்ற?”

“யாரு கேட்டாலும் அப்டித்தான் சொல்லுவேன். வாயத் தொறக்காம ஊட்டுக்குப் போ.”

“நீயெல்லாம் ஒரு அக்காவா? த்தூ!”

காயத்ரி முகத்தைத் துடைத்துக்கொண்டு பந்தலுக்குள் போய்விட்டாள்.

மறுநாள் காலை ஷிஃப்ட். இனி அவள் முகத்திலேயே முழிக்கக் கூடாது என்ற முடிவோடு பஸ்ஸை விட்டு இறங்கினாள் ஏஞ்சல்.

கம்பெனி கேட்டில் கூட்டம். செக்யூரிட்டி காயத்ரியை மட்டும் நிறுத்தி, கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு கவரைக் கொடுத்தார்.

நன்றாக வேண்டும் என்று நினைத்தபடி கடக்கப் பார்த்தவளின் கையில், பிரித்த காகிதத்தைத் திணித்தாள் காயத்ரி.

‘பொது மேடையில் நிறுவனத்தை இழிவுபடுத்தும் கவிதையை எழுதி வாசித்தது குறித்துத் தாங்கள் விளக்கமளிக்க வேண்டும். விசாரணை முடியும்வரை பணியிடை நீக்கம் செய்யப்படுகிறீர்கள்.’

ஏஞ்சல் அதை இரண்டு முறை படித்தாள்.

“மூணாவது வரிசைல நம்ம ஹெச்.ஆர். ஆளு போன்ல வீடியோ எடுத்துக்கினு இருந்தான். நீ கவனிக்கல” என்றாள் காயத்ரி.

“அப்பவே சொல்லியிருந்தா நான் வாசிக்காமலே வந்திருப்பேனேக்கா!”

“அதுக்குத்தான் சொல்லல. அத நாலு பேரு கேக்கணும்டி. நம்ம லைன்ல ஒருத்திக்கும் அப்டி எழுத வராது.”

ஏஞ்சலுக்கு அழுகை முட்டியது. “அதுக்கு நீ ஏன்க்கா மாட்டிக்கின?”

காயத்ரி மெமோவை வாங்கி மடித்துப் பையில் வைத்தாள்.

“நான் பர்மனென்ட்டு. வெளிய அனுப்புறதுன்னாலும் கேள்வி கேட்டுட்டுத்தான் அனுப்பணும். நீ கான்ட்ராக்ட்டு. உனக்கு மெமோகூடக் குடுத்திருக்க மாட்டாங்கடி… இன்னிக்கு இந்த கேட்டே தொறந்திருக்காது. போ, பஞ்ச்சுக்கு நேரமாவுது.”