மூன்றாவது கீறல்

வெயிலில் பிளந்தால் கோணல்மாணலாகப் பிளக்கும். கேரவன் கூரையில் இருந்த கீறலோ நூல் பிடித்த மாதிரி இருந்தது. கத்தி வேலைதான், குமரேசனுக்குச் சந்தேகமே இல்லை. கரூரில் ஒன்று, திண்டுக்கல்லில் ஒன்று, இப்போது மானாமதுரையில். ஒவ்வொரு தடவையும் ஒழுகலை அடைக்கும் வெள்ளை சீலன்ட் பசையைப் பூசி, அது காயும்வரை ஒரு முழு நாள் வண்டியை நிறுத்திப்போட வேண்டியிருந்தது.

உள்ளே, ராமேசுவரத்தில் கரைக்க வேண்டிய மகனின் அஸ்திக் கலயம், அவன் வழக்கமாக உட்காரும் இருக்கையில் பெல்ட் மாட்டி இருந்தது. ஒழுகும் இடத்தில் பாத்திரம் வைத்துக்கொண்டிருந்த மனைவி வடிவாம்பாளின் நகக்கண்ணில் வெள்ளையாக என்னவோ ஒட்டியிருந்தது.

“யாரோ மேல ஏறுறாங்க வடிவு.”

“குரங்கா இருக்குங்க,” என்றாள் அவள், நிமிராமல்.

அன்றே அவர் சமையல் கத்தியை ஒளித்து வைத்தார்.

மண்டபத்தில் கடல் தெரிந்தது. பாலத்தைத் தாண்டினால் ராமேசுவரம். விடிய விடிய அடித்த மழையில் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. காலையில் வடிவாம்பாள் காய்ந்த பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குமரேசன் இருக்கையிலிருந்த கலயத்தின் பெல்ட்டைச் சரிசெய்தார்.

“பாத்திரத்தை இருந்த இடத்திலேயே வை,” என்று சொல்லிவிட்டு, ஒளித்த கத்தியை எடுத்துக்கொண்டு கூரைமேல் ஏறினார்.