இருநூறு பைகள்

“யார் கேட்டாலும் பையை மட்டும் திறந்துடாதீங்க. ஓடாதீங்க. தெரிஞ்ச மூஞ்சியா இருந்தாலும் தெரியாத மாதிரி போயிடுங்க.”

வணிக வளாகத்தின் பின்பக்கக் கிடங்கில் நின்று மேலாளர் கிசுகிசுத்தார். காலை பத்தே முக்காலுக்கே சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எதிரே இருநூறு பேர், ஆளுக்கொரு பளபளப்பான பையோடு.

பைக்குள் இருந்தது பழைய செய்தித்தாள். மூன்று நாளாக அவரும் மனைவியும் உட்கார்ந்து கசக்கித் திணித்தது. “இத்தனை வருஷம் மால்ல வேலை பார்த்து எனக்கு நீங்க ரொப்பிக் குடுத்த முதல் பை இதுதான்” என்று மனைவி நேற்றே கணக்கைத் தீர்த்துவிட்டாள்.

திறப்பு விழாவில் முதலாளி மைக்கைப் பிடித்து, இன்னும் நூறு வருஷத்துக்கு ஜனங்கள் இங்கே மட்டும்தான் வாங்குவார்கள் என்று அறிவித்திருந்தார். முதல் பத்து வருஷம் காலமும் அதற்குத் தலையாட்டியது. நகரும் படிக்கட்டில் கால்வைக்கப் பயந்தவர்களைக் கைபிடித்து ஏற்றிவிடவே ஓர் ஆளைப் போட்டிருந்தார்கள். அந்த ஆள்தான் இன்று மேலாளர்.

பிறகு கைபேசிக்குள்ளேயே கடை வந்தது. நூற்றுப் பன்னிரண்டு கடைகளில் மிச்சம் ஒன்பது. அதில் இரண்டு மூக்குக்கண்ணாடிக் கடைகள், நாளெல்லாம் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு. நகரும் படிக்கட்டு நகர்வதை விட்டுவிட்டு வெறும் படிக்கட்டாக மரியாதையாக ஓய்வு பெற்றிருந்தது.

போன வாரம் முதலாளி கூப்பிட்டார். கட்டடத்தை வாங்க ஆள் வருகிறது. அவர்கள் வாங்காவிட்டால் மாதக் கடைசியில் பூட்டு என்றார். பூட்டினால் காவலாளி முதல் துப்புரவு செய்யும் பெண்கள் வரை நாற்பத்திரண்டு குடும்பம் தெருவில். வருவது யார், எதற்கு வாங்குகிறார்கள் என்று கேட்டதற்கு, அது உயர்மட்ட ரகசியம் என்றார். தமக்கே தெரியாததை அவர் எப்போதும் அப்படித்தான் சொல்வார்.

மால் வாங்குகிறவனுக்குக் கூட்டம் வேண்டும் என்பது கூடவா தெரியாது? நாற்பத்திரண்டு பேரும் தங்கள் சொந்தபந்தங்களைத் திரட்டினார்கள். மேலாளரின் மச்சான் தன் குடியிருப்பையே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

பதினோரு மணிக்கு வந்தவர்கள் இரண்டே பேர். நரைத்த முடியை ஒட்ட வெட்டிய ஓர் அம்மாள், அளவுநாடாவோடு ஒரு பொறியாளர். பொறியாளர் கடைகளின் பக்கம் திரும்பக்கூட இல்லை; நேரே போய் லிஃப்டின் அகலத்தை அளந்தார். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் எத்தனை மணிநேரம் தாங்கும், ஈரமானால் தரை வழுக்குமா என்றெல்லாம் அம்மாள் விசாரித்தார். மேலாளர் பதில் சொன்னார். கண் மட்டும் பைகளை விட்டு அகலவில்லை.

மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் நான்காம் முறையாகக் கடந்து போனார். அம்மாள் அவரையே பார்ப்பது போலிருந்தது.

அடுத்த நிமிஷம் யாரோ ஒரு பெண்ணின் பை காது அறுந்தது. கசக்கிய காகிதப் பந்து ஒன்று உருண்டு வந்து அம்மாளின் காலடியில் நின்றது. அவர் குனிந்து எடுத்தார்.

நாற்பத்திரண்டு குடும்பமும் அந்தக் காகிதத்தில் சுருண்டு கிடப்பதாக மேலாளருக்குத் தோன்றியது.

“கண்ணாடி டம்ளருங்க. உடையாம இருக்க இதைச் சுத்திக் குடுத்திருக்காங்க” என்று எங்கிருந்தோ முளைத்த மச்சான் காகிதத்தைப் பணிவாக வாங்கிக்கொண்டான். அதோடு போயிருக்கலாம். நடிக்க வாய்ப்புக் கிடைத்தவன் எங்கே போவான்? கைபேசியைக் காதில் வைத்துச் சத்தமாகப் பேச ஆரம்பித்தான்: “இன்னும் உள்ள வர முடியலையா? இங்க எப்பவும் இப்படித்தான், வண்டி நிறுத்தவே அரைமணி ஆகும்.”

கைபேசி தலைகீழாக இருந்தது. மேலாளர் கடவுள்கள் எல்லாரையும் வரிசையாகக் கூப்பிட்டார்.

அம்மாள் கைபேசியைக் கவனிக்கவில்லை. பேச்சைத்தான் கவனித்தார். பொறியாளரைப் பார்த்து லேசாகத் தலையசைக்க, அவர் அளவுநாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, ஓரமாகப் போய் யாருடனோ தொலைபேசியில் பேசினார்.

“தினமும் இவ்வளவு கூட்டம் வருமா?” என்று அம்மாள் கேட்டார்.

“இன்னிக்குக் கம்மிங்கம்மா” என்றார் மேலாளர். வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமாக அவர் பொய் சொன்னதில்லை.

பொறியாளர் திரும்பி வந்து, ‘முடிந்தது’ என்பதுபோல் கட்டைவிரலைக் காட்டினார். மூன்று நாளில் முதல்முறையாக மேலாளர் மூச்சை முழுதாக விட்டார். தூணோரம் நின்ற மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அம்மாள் மேலாளரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஆஸ்பத்திரி வைக்கத்தான் இடம் பார்த்தோம். உங்க ஆளுங்க நாற்பத்திரண்டு பேரையும் அப்படியே வச்சுக்கறதா எழுதிக்கூட வச்சிருந்தோம். நல்லா ஓடுற இடத்தை மூடினா அந்தப் பாவம் எங்களுக்கு எதுக்குங்க?”

மேலாளர் வாயைத் திறப்பதற்குள் அம்மாள் தொடர்ந்தார்.

“வேற ஒரு மால் ஈ, காக்கா இல்லாம கிடக்கு. இப்பதான் அதை முடிச்சோம்.”