மூன்றாவது பெர்த்

"சார் போட்டிருக்கறது ரெண்டு பேர் கேபின்மா. மூணாவது ஆளைச் சேர்க்க கம்பெனி ஒத்துக்காது" என்றார் மயிலாப்பூர் கப்பல் டிக்கெட் ஏஜென்ட் மாசிலாமணி.

"எட்டு வயசுப் பொண்ணுதானே? என் பெர்த்லயே படுத்துக்குவா" என்றாள் அல்போன்சா.

"கைக்குழந்தைன்னா விடுவாங்க. இந்த வயசுக்குத் தனி பெர்த் வேணும். யுத்தம் முடிஞ்சதிலிருந்து பினாங்குக் கப்பல்ல ஒரே கூட்டம், வேற கேபினும் காலியில்லை. மேலே திறந்த டெக்குலதான் இடம் இருக்கு."

ராஜநாயகத்துக்குப் பினாங்கில் வாத்தியார் வேலை காத்திருந்தது. மனசைக் கல்லாக்கிக்கொண்டு மனைவியிடம் சொன்னார்: "விடு அல்போன்சா. பொண்ணு ஜோன் இங்கேயே சாந்தோம்ல எங்க அக்கா வீட்டுல இருக்கட்டும். அடுத்த வருஷம் கூட்டிக்கலாம்."

"அவளை விட்டுட்டு நான் கப்பல் ஏற மாட்டேன். நீங்களும் அவளும் கேபின்ல வாங்க. நான் டெக்குல வரேன்."

"வெயில், மழை, வாந்தி... உங்களால தாங்க முடியாதும்மா" என்றார் மாசிலாமணி.

"தாங்கிக்குவேன்."

ராஜநாயகம் மாசிலாமணி பக்கம் திரும்பினார். "டெக் டிக்கெட்டை என் பேர்ல போடுங்க. கேபின்ல அவங்க ரெண்டு பேரும் வரட்டும்."

மாசிலாமணி சிரித்தார். "பெத்த மனசாச்சே! பிள்ளையை விட்டுட்டுப் போக இடம் கொடுக்குமா சார்?"

ராஜநாயகம் நன்றியோடு மனைவியைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பெத்தவ போய்ச் சேர்ந்து மூணு வருஷமாச்சுங்க. புதுசா வந்தவகிட்ட எப்படிக் கேக்கறதுன்னுதான் ரெண்டு டிக்கெட்டோட நிறுத்திட்டேன். இவளை நான் கட்டிக்கிட்டதே போன புதன்கிழமைதான்."