வண்டியின் அடிப்பக்கம்

துய்யா கொடுத்த அட்டையில் ஏழு வரிகள் இருந்தன. மற்ற பதின்மூன்று அட்டைகளிலும் ஒரே சொல்தான்: 'எதுவுமில்லை.'

"ஏழு தடவையா? நீ வண்டி ஓட்டினியா, இல்ல நிலத்தை உழுதியா?" என்றாள் பிர்கோ.

காபி மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

எங்கள் நகராட்சியில், வீடு வீடாகப் போய் முதியவர்களைக் கவனிக்கும் நர்ஸுகளுக்காக, ஆபீஸ் கார் ஒன்றையும் சேர்த்து, பதினான்கு சின்ன வெள்ளைக் கார்கள் ஓடுகின்றன. எல்லாவற்றுக்கும் பொறுப்பு பிர்கோ. ஃபின்லாந்தில் எங்கள் பக்கத்துக் குளிர்காலம் ஆறு மாதம். ஏப்ரலில் ஆணி பதித்த டயர்களைக் கழற்றிக் கோடை டயர் மாட்டும்போதே, கார்களின் அடிப்பக்கத்தையும் பார்த்துவிடுவார்கள். சாலையில் தூவிய உப்பும் உறைந்த பனிக்கட்டியும் செய்த சேதம் மேலே தெரியாது. அதற்கு முன்னால், எங்கே எதில் இடித்தோம் என்று ஓட்டியவரே அட்டையில் எழுதித் தர வேண்டும்.

பிர்கோ துய்யாவின் அட்டையை உரக்கப் படித்தாள். ஜனவரி ஒன்பது, தபால் பெட்டிக்கு முன்னால் பனிக்கட்டி. ஜனவரி இருபது, உர்ஹோ வீட்டு முற்றத்தில் பனிக்கு அடியில் கல். வரிக்கு ஒரு சிரிப்பு. நகராட்சி பனி வாரும் வேலையை இவளுக்கே கொடுத்துவிடலாம் என்றான் அன்ஸி. அவனும் நர்ஸ்தான், போன வருடம் சேர்ந்தவன்.

துய்யா காபிக் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்துவரை சிவந்துவிட்டது.

பிர்கோ அதோடு விடவில்லை. திங்கட்கிழமையிலிருந்து ஏரிப் பாதை வீடுகளுக்கு அன்ஸி போகட்டும், துய்யா ஊருக்குள் நடந்தே போகிற வீடுகளைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றாள். ஏரிப் பாதையில் உர்ஹோவுடையதையும் சேர்த்து ஒன்பது வீடுகள். பதினோரு வருடமாகத் துய்யாதான் போய்வருகிறாள்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. துய்யா மட்டும் ஒன்று கேட்டாள்.

"உர்ஹோவுக்குக் கண்ணு தெரியாது. என் காலடிச் சத்தம்தான் தெரியும். வேற ஆள் வரப்போறதை நானே ஒரு தடவை நேர்ல போய்ச் சொல்லிட்டு வரட்டுமா?"

"ஃபோன்ல சொல்லு."

மத்தியானம் நகராட்சிப் பட்டறையில் மெக்கானிக் ஓஸ்மோ ஒவ்வொரு காராக லிஃப்டில் ஏற்றித் தூக்கினான். பிர்கோ அட்டைகளோடு பக்கத்தில் நின்றாள். முதலில் துய்யாவின் காரைத் தூக்கச் சொன்னாள். நாலைந்து கீறல்கள், அவ்வளவுதான். அவள் எங்கேயாவது இடித்தால் மறுநாளே கொண்டுவந்து காட்டிவிடுவாள், எல்லாம் அப்போதைக்கப்போது சரிசெய்தாயிற்று என்றான் ஓஸ்மோ.

அடுத்தது அன்ஸியின் கார். முன்பக்கத்து ஸ்பிரிங் உடைந்திருந்தது. அதற்கடுத்த காரில் சைலன்சரை யாரோ துணி காயப்போடும் கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். இன்னொன்றில் பிரேக் குழாய் துருவேறி, விரலால் தொட்டாலே உதிர்ந்தது. பதின்மூன்று கார்கள் முடிந்தபோது, 'எதுவுமில்லை' அட்டைகளில் எட்டு பொய்யாகியிருந்தன.

"அத்தனை பேரும் புளுகுணிங்க," என்றாள் பிர்கோ.

ஓஸ்மோ கையைத் துடைத்துக்கொண்டான். "போன வருஷம் நாலு பேர் உள்ளதை உள்ளபடி எழுதினாங்க. அவங்களைக் காபி மேஜையில வச்சு நீ என்ன பாடு படுத்தினே?"

பிர்கோ அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

கடைசியாக நின்றது ஏழாம் எண். பிர்கோவே ஓட்டும் ஆபீஸ் கார்.

ஊருக்குள்ளேயே சுற்றுகிற வண்டிதானே, டயரை மட்டும் மாற்றினால் போதும் என்றாள். தூக்காமல் டயரை எப்படி மாற்றுவது என்று கேட்டபடியே ஓஸ்மோ பொத்தானை அழுத்தினான்.

கார் மேலே போகப் போகப் பிர்கோ ஏழாம் எண் அட்டையை எழுத்து தெரியாதபடி கவிழ்த்துப் பிடித்தாள். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏரிக்கரையில் இருக்கும் தன் கோடை வீட்டுக் கூரையிலிருந்து பனியைத் தள்ள இந்தக் காரில்தான் போனாள். ஆபீஸ் காரைச் சொந்த வேலைக்கு எடுக்கக் கூடாது. பனி வாரும் வண்டி வழியில் விட்டுப்போயிருந்த கட்டியில் அடிப்பக்கம் டமாரென்று மோதியது. அவள் இறங்கிக்கூடப் பார்க்கவில்லை. நேற்று ஏழாம் எண் அட்டையில் அவளும் 'எதுவுமில்லை' என்றுதான் எழுதியிருந்தாள்.

அடித்தகடு நசுங்கியிருந்தது. ஆனால் அதை ஒட்டிப் போகும் பிரேக் குழாயில் ஒரு முழம் மட்டும், சுற்றிலும் துருவுக்கு நடுவே, புத்தம் புதிதாக மின்னியது.

"இதை யார் மாத்தினது?"

"நான்தான். பிப்ரவரி கடைசியில துய்யா வண்டி இங்க நின்னுச்சே, அப்ப ரெண்டு நாள் இதைத்தான் ஓட்டினா. பிரேக்கை மிதிச்சா ஒரு மாதிரி உள்ள இறங்குதுன்னு நேரா இங்க கொண்டாந்துட்டா. தகடு வளைஞ்சு குழாயை அரைச்சிருந்தது. இன்னும் ஒரு வாரம் நீ ஓட்டியிருந்தா பிரேக்கே பிடிச்சிருக்காது."

பிர்கோ வெற்று அட்டை ஒன்று கேட்டாள். எண்ணெய்க் கறை படிந்த மேஜையில் வைத்து எழுதினாள்: ஏழாம் எண், பிப்ரவரி, ஞாயிறு, சொந்த வேலை, பனிக்கட்டி. திங்கட்கிழமைப் பட்டியலை எடுத்து, ஏரிப் பாதைக்கு நேரே இருந்த அன்ஸியின் பெயரை அடித்துவிட்டுத் துய்யாவின் பெயரை எழுதினாள்.

எழுதிய அட்டையை ஓஸ்மோவிடம் நீட்டும்போது அவனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அப்பவே அவ என்கிட்ட ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'எதுக்கு? ஏப்ரல்ல அவளே எழுதித் தருவா, பிர்கோ மறைக்கிற ஆள் இல்லை'ன்னு சொல்லிட்டுப் போயிட்டா."