மொட்டை மாடிப் பேச்சு

"உங்கப்பா மொட்டை மாடியில யாரோ ஒரு பொம்பளைகூடப் பேசிட்டு இருக்காருங்க."

வேலையிலிருந்து வந்து சட்டைப் பித்தானைக் கழற்றிக்கொண்டிருந்த மகன் சிரித்துவிட்டான். "எங்கப்பாவா? நல்லாப் பாத்தியா, வேற யாராவதா இருக்கப் போறாங்க."

"சிரிக்காதீங்க. நானும் கொஞ்ச நாளாப் பாக்குறேன். சாயங்காலம் ஆனா போனைத் தூக்கிக்கிட்டு மேல போயிடுறாரு. இன்னிக்குத் துணி எடுக்கப் போனப்பதான் காதுல விழுந்துச்சு."

"என்ன விழுந்துச்சு?"

மருமகள் அறைக் கதவைச் சாத்தினாள். "'அந்தப் பச்சை உனக்கு எடுப்பா இருக்கும்'னு சொல்றாரு. சிரிப்பு வேற! நான் கல்யாணமாகி வந்ததுலேர்ந்து அந்த மனுஷன் சிரிச்சுப் பாத்ததே இல்ல."

மகன் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. அவனும்தான் பார்த்ததில்லை.

பெரியவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் வாயில் ஸ்க்ரூவைக் கவ்விக்கொண்டே வேலை பார்த்ததாலோ என்னவோ, பேச்சில் மனிதர் மகா கஞ்சன். மனைவிக்குக் காது மந்தமான பிறகு அந்தக் கொஞ்சமும் நின்றுபோனது. "மாத்திரை போட்டியா?" என்று கூடத்திலிருந்து கத்துவார். "என்ன?" என்று கேட்பார் அந்த அம்மாள். மறுபடியும் கத்துவார். பக்கத்து வீட்டிலிருந்து "போட்டாச்சாம்!" என்று பதில் வந்த நாளும் உண்டு. கடைசியில் ஒன்றுமில்லை என்று கையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். அவரே கூட்டிக்கொண்டு போய்ப் புதிதாகக் காது மிஷின் வாங்கி மாட்டிவிட்டார். ஆனாலும் டிவியும் மிக்ஸியும் ஓடுகிற வீட்டில் அந்த அம்மாளுக்குப் பாதிதான் காதில் ஏறியது.

"எனக்கு அத்தையை நெனச்சாத்தான் வயிறு எரியுது" என்றாள் மருமகள். "இவரு மேல கொஞ்சிட்டு இருக்காரு. அவங்க கீழ தனியா உக்காந்து, துணி மடிச்சுக்கிட்டே தனக்குத்தானே ஏதோ பேசிச் சிரிக்கிறாங்க. மனசு விட்டுப்போனாத்தான் இப்படியெல்லாம் வரும்."

"அம்மாகிட்ட ஏதாவது சொன்னியா?"

"எப்படிச் சொல்றது? அவங்களுக்குக் கேக்குற மாதிரி சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி."

மகன் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். "வயசானவங்களாப் பாத்து போன்ல பேசிப் பேசியே கவுக்குறதுக்குன்னு ஒரு கூட்டமே இருக்கு. அந்தப் போனை வாங்கிக் குடுத்ததே நான்தான். என்னைச் சொல்லணும்."

மறுநாள் இருவரும் வேலையிலிருந்து சீக்கிரமாகவே வந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்திக்கொண்டார்கள். பெற்ற அப்பாவை ஒளிந்திருந்து பார்க்க மகனுக்குக் கூச்சமாக இருந்தது. முழங்கால் வேறு வலித்தது.

பெரியவர் வந்தார். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, போனைக் காதில் வைத்தார். பேச்சு ரகசியம் போல மெதுவாக வந்தது.

"ம்... சொல்லு... இல்ல, நாளைக்கே கிளம்பிடலாம். நாம ரெண்டு பேர் மட்டும். பையன்கிட்டச் சொன்னா ஆயிரம் கேள்வி கேப்பான். போய்ச் சேந்தப்புறம் சொல்லிக்கலாம்... பயப்படாத, நான் இருக்கேன்ல? மத்தவங்களுக்காக இருந்தது போதும்."

இந்த வயதில் அம்மாவை விட்டுவிட்டு அப்பா கிளம்பப் போகிறார். காலையில் அம்மாவிடம் என்னவென்று சொல்வது, எப்படிக் கத்திச் சொல்வது?

மருமகளால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. பாய்ந்து போய் மாமனாரின் கையிலிருந்த போனைப் பிடுங்கினாள். மகனுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டாள்.

"யாரும்மா நீ? இன்னொருத்தி புருஷனைக் கூட்டிட்டுப் போறியே, வெக்கமா இல்ல? எங்க அத்தைக்குக் காது கேக்காதுங்கற தைரியமா?"

பெரியவர் போனுக்குக் கையை நீட்டினார்.

அதற்குள் ஸ்பீக்கரில் மாமியாரின் குரல் நிதானமாக வந்தது. "ஏம்மா இந்தக் கத்து கத்துற? போன்ல பேசினா இந்தப் புது மிஷின் வழியா நேரா காதுக்குள்ளயே வருது, மெதுவாச் சொன்னாலே நல்லாக் கேக்குது; அதனாலதான் இத்தனை வருஷம் கழிச்சு உங்க மாமா என்கிட்டக் கத்தாமப் பேசிட்டு இருந்தாரு."